நஞ்சுக்கொடியில் ஒளியும் கிருமி
கர்ப்பிணிக்குக் குளிர்காய்ச்சல் வந்தால் வயிற்றுப் பிள்ளைக்கு என்ன ஆகும்?

தலைப்பிரசவம் தாய் வீட்டில். திருநெல்வேலிச் சீமையில் இது மாறாத வழக்கம்.

பெண் பாளையங்கோட்டையில் வாழ்க்கைப்பட்டாலும் சரி, மும்பையில் வாழ்க்கைப்பட்டாலும் சரி. வளைகாப்பு முடிந்ததும் அம்மா வீட்டுக்கு வந்துவிடுவாள்.

அப்படி ஒரு பெண் வருவதாக வைத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம். அம்பாசமுத்திரம் பக்கம் பிறந்தவள். மும்பை தாராவியில் குடும்பம் நடத்துகிறாள். தாராவியில் திருநெல்வேலிக்காரர்கள் பல தலைமுறைகளாக இருக்கிறார்கள். அங்கே போய்த் தமிழ் பேசினால் நெல்லைத் தமிழிலேயே பதில் வரும்!

பெண்ணுக்கு ஏழாம் மாதம். ரயிலில் வந்து இறங்கினாள். இரண்டு வாரம் நன்றாக இருந்தாள். ஆற்றுத் தண்ணீரில் குளித்தாள். அம்மா வைத்த சொதியைச் சாப்பிட்டாள்.

ஒரு நாள் பிற்பகல். வெயில் கொளுத்துகிறது. அவளுக்கோ குளிர்! பல் கிடுகிடு என்று அடித்துக்கொள்கிறது. இரண்டு கம்பளி போர்த்தியும் போதவில்லை. அரை மணி நேரம் கழித்து உடம்பு அனலாகக் கொதித்தது. தலை வெடித்துவிடும்போல் வலித்தது. பிறகு வேர்த்துக் கொட்டியது. காய்ச்சல் இறங்கியது. அயர்ந்து தூங்கிவிட்டாள்.

மறுநாள் ஒன்றும் இல்லை. எழுந்து நடமாடினாள்.

மூன்றாம் நாள், ஏறக்குறைய அதே நேரம். மறுபடியும் அதே குளிர்!

அம்மாவுக்குப் பயம் வந்துவிட்டது.

"அத்தை, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருவமா?" என்று மாமியாரைக் கேட்டாள்.

ஆச்சி ஒப்பவில்லை.

"ஏளா, சும்மா இரு. வாயும் வயிறுமா இருக்கவளுக்குக் கண்ட மாத்திரையையும் குடுத்தா கரு நிக்குமா? கசாயம் வச்சுக் குடு. நேத்து நல்லாத்தான இருந்தா!"

ஆச்சிக்குப் பேத்தியின் மேல் உயிர். அதில் சந்தேகமே இல்லை. ஆனால், "நேத்து நல்லாத்தான இருந்தா" என்றாளே, அங்கேதான் ஆபத்து இருக்கிறது.

ஒரு நாள் விட்டு ஒரு நாள்

இந்தக் காய்ச்சலுக்கு நம் முன்னோர்கள் 'முறைக்காய்ச்சல்' என்று பெயர் வைத்தார்கள். முறை வைத்து வருவதால் அந்தப் பெயர். இப்போது மலேரியா என்கிறோம்.

அது ஏன் முறை வைத்து வருகிறது?

மலேரியாக் கிருமி கொசுக்கடி மூலம் உடம்பில் நுழைகிறது. 1880-ல் இந்தக் கிருமியை மனித ரத்தத்தில் முதன்முதலாகக் கண்டவர் லாவரான் என்ற பிரெஞ்சு ராணுவ டாக்டர். கொசுவின் வயிற்றில் அது வளர்வதை 1897-ல் நம் நாட்டில், செகந்திராபாத்தில், ரொனால்டு ராஸ் கண்டுபிடித்தார்.

கொசு கடித்ததும் கிருமி நேராகக் கல்லீரலுக்கு ஓடுகிறது. அங்கே ஒன்று பல்லாயிரமாகப் பெருகுகிறது. பிறகு ரத்தத்தில் இறங்கி, சிவப்பு அணுக்களுக்குள் புகுந்துகொள்கிறது. அணுவைத் தின்று கொழுத்து, 48 மணி நேரத்தில் அதை வெடித்துக்கொண்டு வெளியே வருகிறது. லட்சக்கணக்கான அணுக்கள் ஒரே சமயத்தில் வெடிக்கும்போது குளிரும் காய்ச்சலும் வருகின்றன. வெளியே வந்த கிருமிகள் புதிய அணுக்களுக்குள் புகுந்துகொண்டதும் காய்ச்சல் விடுகிறது.

அதாவது, காய்ச்சல் விட்ட நாளில் கிருமி போய்விடவில்லை. அடுத்த வெடிப்புக்குத் தயாராகிக்கொண்டு இருக்கிறது!

எல்லாருக்கும் கணக்காக இப்படியே வரும் என்று எண்ணிவிட வேண்டாம். சிலருக்குத் தினமும் காய்ச்சல் அடிக்கும். சிலருக்குக் குளிரே இராது. வாந்தியும் உடல்வலியும் மட்டும் இருக்கும்.

மலேரியாக் கிருமியில் நம் நாட்டில் முக்கியமாக இரண்டு இனம் உண்டு. ஒன்று வைவாக்ஸ். மற்றது பால்சிபாரம். தமிழ்நாட்டில் அதிகமாகக் காணப்படுவது வைவாக்ஸ். உயிருக்கு அதிக ஆபத்தானது பால்சிபாரம்.

வைவாக்சுக்கு ஒரு கெட்ட பழக்கம் இருக்கிறது. அதன் கிருமிகளில் சில கல்லீரலிலேயே தூங்கிவிடும். வாரங்கள் கழித்து, சில சமயம் மாதங்கள் கழித்து, விழித்துக்கொள்ளும். தாராவியில் கடித்த கொசுவால் அம்பாசமுத்திரத்தில் காய்ச்சல் வருவது இப்படித்தான். ரயிலில் டிக்கெட் இல்லாமல் வந்த பயணி என்று இதைச் சொல்லலாம்.

பெயரில்தான் நஞ்சு

கர்ப்பிணிக்கு மலேரியா வந்தால் மற்றவர்களுக்கு வருவதைப்போன்றதுதானே? அதில் என்ன விசேஷம்?

விசேஷம் நஞ்சுக்கொடியில் இருக்கிறது.

குழந்தை பிறந்த பிறகு வெளியே வந்து விழும் அந்தச் சதைத் தட்டுக்கு 'நஞ்சு' என்று யார் பெயர் வைத்தார்களோ தெரியவில்லை. உள்ளே தங்கிவிட்டால் தாயின் உயிருக்கு ஆபத்து என்பதால் வைத்திருக்கலாம். உண்மையில் அந்த 'நஞ்சு'தான் பத்து மாதமும் பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிறது. காற்றும் அதன் வழியாகத்தான். கழிவை வெளியேற்றுவதும் அதுதான்.

பிரசவ சமயத்தில் அதன் எடை ஏறக்குறைய அரைக் கிலோ. அந்தச் சமயத்தில் நிமிஷத்துக்கு அரை லிட்டருக்கு மேல் தாயின் ரத்தம் கர்ப்பப்பைக்குப் பாய்கிறது. பெரும்பகுதி நஞ்சுக்கொடிக்குத்தான்.

தாயின் ரத்தம் அப்படியே பிள்ளையின் உடம்புக்குள் ஓடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி அல்ல. இரண்டு ரத்தமும் கலப்பது இல்லை.

வயலில் தேங்கிய தண்ணீரில் நாற்றின் வேர்கள் முழுகி நிற்கின்றன அல்லவா? வேர் தண்ணீரையும் உரத்தையும் உறிஞ்சிக்கொள்கிறது. அதேபோல நஞ்சுக்கொடியில் ஆயிரக்கணக்கான மெல்லிய விரல்கள் இருக்கின்றன. அவற்றுக்குள்ளே ஓடுவது பிள்ளையின் ரத்தம். அந்த விரல்கள் தாயின் ரத்தத்தில் முழுகி நிற்கின்றன. மெல்லிய தோல் ஒன்றே இரண்டுக்கும் நடுவே உண்டு. அதன் வழியாக உணவும் காற்றும் பிள்ளைக்குப் போய்ச் சேருகின்றன.

மலேரியாக் கிருமிக்கு இதைவிட நல்ல ஒளிவிடம் கிடைக்காது!

மடையை அடைக்கும் பாசி

தாமிரபரணியில் 8 அணைக்கட்டுகள். கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை. அவற்றிலிருந்து பிரியும் கால்வாய்களை நம்பித்தான் காரும் பிசானமும். இங்குள்ள விவசாயிகளுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். ஆற்றில் தண்ணீர் நிறையப் போகும். ஆனாலும் கால்வாயில் ஆகாயத்தாமரையும் பாசியும் மண்டிவிட்டால் கடைமடைக்குத் தண்ணீர் வராது. பயிர் கருகும்.

நஞ்சுக்கொடியில் நடப்பதும் இதுதான்.

கிருமி புகுந்த ரத்த அணுக்களை நம் மண்ணீரல் சல்லடைபோலப் பிடித்து அழிக்கும். அடிக்கடி மலேரியா வந்தவர்களுக்கு இடது விலாவுக்குக் கீழே மண்ணீரல் வீங்கிக் கட்டியாகத் தெரியும். 'காய்ச்சல் கட்டி' என்று பெரியவர்கள் சொல்வது அதைத்தான்.

பால்சிபாரம் கிருமிக்கு இந்தச் சல்லடையில் சிக்க விருப்பம் இல்லை. ஆகவே தான் புகுந்த அணுவின் மேல் ஒரு பசையைப் பூசி, ரத்தக் குழாயின் சுவரில் ஒட்டிக்கொள்கிறது. ரத்தத்தோடு ஓடினால்தானே சல்லடைக்குப் போகவேண்டும்?

கர்ப்பிணியின் நஞ்சுக்கொடியில் ஒருவகைச் சர்க்கரைப் பொருள் இருக்கிறது. அதிலே போய் ஒட்டிக்கொள்வதற்கென்றே தனிப் பசை உள்ள கிருமிகள் உண்டு. மிச்சல் பிரைட், பேட்ரிக் டபி என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் ஆப்பிரிக்காவில் கென்யா நாட்டுத் தாய்மார்களின் நஞ்சுக்கொடிகளைச் சோதித்து 1996-ல் இதை வெளியிட்டார்கள்.

அங்கே கிருமி கூடுகிறது. அதைத் தாக்க வெள்ளை அணுக்களும் வந்து குவிகின்றன. கிருமி கக்கிய கறுப்புச் சாயம் படிகிறது. நடுவே உள்ள மெல்லிய தோல் தடித்துப் போகிறது. தாய் நல்ல சாப்பாடு சாப்பிட்டாலும் பிள்ளைக்குப் போய்ச் சேருவது குறைகிறது.

கடைமடைப் பயிர் வாடத் தொடங்குகிறது.

விரலில் இல்லை, நஞ்சில் இருக்கிறது

இதில் டாக்டர்களையே ஏமாற்றும் ஒரு விஷயம் உண்டு.

பனாமாக் கால்வாயில் கப்பல் ஓடத் தொடங்கியது 1914-ல். அதற்கு அடுத்த ஆண்டு அங்கே கிளார்க் என்ற டாக்டர் ஒரு செய்தியை வெளியிட்டார். பிள்ளை பெற்ற பெண்களின் விரலில் ரத்தம் எடுத்து அவர் பூதக்கண்ணாடியில் பார்த்தார். நஞ்சுக்கொடியிலிருந்தும் ரத்தம் எடுத்துப் பார்த்தார். விரல் ரத்தத்தில் கிருமியைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அதே பெண்ணின் நஞ்சுக்கொடி ரத்தத்தில் கிருமி மொய்த்துக் கிடந்தது!

கிருமி எல்லாம் நஞ்சுக்கொடியில் ஒட்டிக்கொண்டு இருக்கும்போது, விரல் நுனியில் எப்படி அகப்படும்?

ஆகவே, ஒருமுறை ரத்தம் சோதித்து "ஒன்றும் இல்லை" என்று வந்துவிட்டால் அதோடு விட்டுவிடக்கூடாது. காய்ச்சல் மறுபடி வந்தால் மறுபடி சோதிக்க வேண்டும். கர்ப்பிணிக்கு இது மிகவும் முக்கியம்.

வைவாக்ஸ் கிருமி இப்படி நஞ்சுக்கொடியில் கூட்டமாக ஒட்டிக்கொள்வது குறைவு. அதனால் அது சாது என்று எண்ணவேண்டாம். அதுவும் தாயின் ரத்தத்தை வற்றச் செய்கிறது. பிள்ளையின் எடையைக் குறைக்கிறது.

தாய்க்கு என்ன? பிள்ளைக்கு என்ன?

முதலில் ரத்தச்சோகை. சிவப்பு அணுக்களைத் தின்று வாழும் கிருமி அல்லவா? தமிழ்நாட்டில் ஏற்கனவே கர்ப்பிணிகளில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு ரத்தச்சோகை இருப்பதாக அரசாங்கக் கணக்கே சொல்கிறது. வற்றிய கிணற்றில் மேலும் இறைத்தால் என்ன ஆகும்? பிரசவத்தில் சிறிது ரத்தம் அதிகமாகப் போனாலும் தாங்காது.

சிலருக்கு ரத்தத்தில் சர்க்கரை திடீரென்று குறைந்து மயக்கம் வரும். பால்சிபாரம் முற்றினால் நுரையீரலில் நீர் கோக்கும். மூளையைத் தாக்கி நினைவு தப்பும். அதே ஊரில், அதே கிருமி தாக்கிய மற்றப் பெண்களைவிடக் கர்ப்பிணிக்கு நோய் முற்றும் அபாயம் மூன்று மடங்கு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

பிள்ளைக்கு? ஆரம்ப மாதங்களில் கரு கலையலாம். பிந்திய மாதங்களில் குறைமாதப் பிரசவம் ஆகலாம். வயிற்றிலேயே இறந்து பிறக்கலாம். பிழைத்துப் பிறந்தாலும் எடை இரண்டரைக் கிலோவுக்குக் குறைவாக இருக்கும். அப்படிப் பிறக்கும் குழந்தை, சளி, வயிற்றுப்போக்கு எது வந்தாலும் தாங்காது. சில சமயம் கிருமியே பிள்ளையின் ரத்தத்துக்குள் புகுந்து, பிறந்த சில நாட்களில் அதற்கும் காய்ச்சல் வரும். இது அபூர்வம்.

இன்னொரு வேடிக்கை. கொசுவுக்குக் கர்ப்பிணிகளை அதிகம் பிடிக்கிறது! ஆப்பிரிக்காவில் காம்பியா நாட்டில் இதைச் சோதித்து 2000-ல் வெளியிட்டார்கள். மற்றப் பெண்களைத் தேடி வந்த மலேரியாக் கொசுக்களைப்போல் இரு மடங்கு கொசுக்கள் கர்ப்பிணிகளைத் தேடி வந்தன. கர்ப்பிணி அதிகமாக மூச்சு விடுகிறாள். அவள் வயிற்றுப் பகுதியில் சூடும் சற்று அதிகம். இரண்டும் கொசுவுக்கு வழி காட்டுகின்றன.

2022-ல் ஆப்பிரிக்காவில் மலேரியா மலிந்த 33 நாடுகளில் மட்டும் 1 கோடியே 27 லட்சம் கர்ப்பிணிகளுக்கு மலேரியா தொற்றியதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது.

ஆற்றங்கரையில் வந்த கொள்ளைக் காய்ச்சல்

ஆப்பிரிக்கா கிடக்கட்டும். தாமிரபரணிக் கரைக்கு இந்தக் காய்ச்சல் புதியதா?

இல்லை.

1809 முதல் 1811 வரை கோயம்புத்தூர், திண்டுக்கல், மதுரை, திருநெல்வேலிச் சீமைகளில் ஒரு கொள்ளைக் காய்ச்சல் பரவியது. பல்லாயிரம் மக்கள் மாண்டார்கள். காரணம் கண்டுபிடிக்கச் சென்னையிலிருந்த கம்பெனி அரசாங்கம் டாக்டர்கள் குழு ஒன்றை அனுப்பியது. ஐன்ஸ்லி என்ற டாக்டர் அதில் ஒருவர். நம் நாட்டு மருந்துகளைப் பற்றிப் பெரிய புத்தகம் எழுதியவர் அவர். குழுவின் அறிக்கை 1816-ல் லண்டனில் அச்சாயிற்று.

குழு என்ன சொன்னது? காற்றின் மேல் பழி போட்டது! காலம் தப்பிய மழை, ஈரம், சதுப்பு நிலத்து ஆவி இவற்றால் காற்று கெட்டது என்றது. அந்தக் காலத்தில் உலகம் முழுவதும் அப்படித்தான் நம்பினார்கள். 'மலேரியா' என்ற இத்தாலியச் சொல்லுக்கே 'கெட்ட காற்று' என்றுதான் பொருள். காதுக்குப் பக்கத்தில் ரீங்காரம் செய்த கொசுவை ஒருவரும் சந்தேகிக்கவில்லை.

மலேரியாக் கொசு சாக்கடைக் கொசு அல்ல. அது முட்டை இடுவது தெளிந்த தண்ணீரில். கோடையில் ஆறு வற்றும்போது மணலில் நிற்கும் குட்டைகள், கால்வாய் ஓரங்கள், புதிதாக நாற்று நட்ட வயல் ஆகியவை ஒரு வகைக் கொசுவுக்குத் தொட்டில். மலையடிவார ஓடைகளில் இன்னொரு வகை. மூன்றாவது வகை பட்டணத்துக் கொசு. கிணறும் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியும் அதற்குப் போதும்.

ஆறு வற்றினால் மலேரியா வரும் என்பதை இலங்கை பார்த்துவிட்டது.

கடலுக்கு அப்பால் 1934

திருநெல்வேலிக்காரர்களுக்கு இலங்கை அந்நிய நாடாக இருந்தது இல்லை. தேயிலைத் தோட்டத்துக்கும் கொழும்பு வியாபாரத்துக்கும் இங்கிருந்து போனவர்கள் ஏராளம்.

1934-ல் அங்கே மழை பொய்த்தது. எப்போதும் நிறைந்து ஓடும் ஆறுகள் வற்றிக் குட்டை குட்டையாக நின்றன. கொசு பெருகியது. அந்த ஆண்டு பிற்பகுதியில் மலேரியா வெடித்தது. சில மாதங்களில் ஏறக்குறைய 80,000 பேர் இறந்தார்கள். அப்போது இலங்கையின் ஜனத்தொகை 60 லட்சத்துக்கும் குறைவு.

மிகவும் அடிபட்டது எந்தப் பகுதி? வழக்கமாக மலேரியா இருக்கும் காட்டுப் பகுதி அல்ல. மழை வளம் மிகுந்த, மலேரியா அதிகம் அறியாத பகுதியின் ஓரங்கள்தான். அடிக்கடி காய்ச்சல் வந்து பழகிய உடம்பு ஓரளவு எதிர்த்து நிற்கும். பழகாத உடம்பு ஒரே அடியில் சாயும்.

விக்கிரமசூரியா என்ற இலங்கை மகப்பேறு டாக்டர் அந்தக் கொள்ளைநோயில் கர்ப்பிணிகள் பட்ட பாட்டைக் கூர்ந்து கவனித்து 1937-ல் புத்தகமாக எழுதினார். அவர் கணக்கில் வந்த மலேரியாக் கர்ப்பிணிகளில் பத்தில் ஒருவருக்கு மேல் இறந்தார்கள். வயிற்றிலும் பிறந்தவுடனும் மாண்ட குழந்தைகள் அதைவிட எத்தனையோ மடங்கு.

இலங்கை அதன்பின் விடாமல் போராடியது. 2016-ல் மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனத்திடம் சான்று பெற்றது. பாராட்ட வேண்டிய காரியம்!

தாமிரபரணிக் கரைப் பெண்களுக்கு இதில் ஒரு செய்தி இருக்கிறது. ஆப்பிரிக்காவில் மலேரியா மலிந்த ஊர்களில் முதல் கர்ப்பத்தில்தான் ஆபத்து அதிகம். இரண்டாவது, மூன்றாவது கர்ப்பத்தில் நஞ்சுக்கொடிக் கிருமியை எதிர்க்கும் சக்தி உடம்புக்கு வந்துவிடும். இங்கே மலேரியா அபூர்வம். ஆகவே அந்தச் சக்தி யாருக்கும் இல்லை. முதல் பிள்ளையானாலும் நான்காவது பிள்ளையானாலும் ஆபத்து ஒன்றுதான்.

கொயினா பயம்

இனி ஆச்சியின் பேச்சுக்கு வருவோம். "கண்ட மாத்திரையையும் குடுத்தா கரு நிக்குமா?"

இந்தப் பயம் வெறும் கற்பனை அல்ல. அதற்குப் பழைய காரணம் ஒன்று உண்டு.

ஒரு காலத்தில் மலேரியாவுக்குக் கொயினா ஒன்றுதான் மருந்து. சின்கோனா மரத்தின் பட்டையிலிருந்து எடுப்பது. நீலகிரியில் அந்த மரத்தை அரசாங்கமே பயிர் செய்தது. நம் நாட்டில் தபாலாபீசிலேயே கொயினாப் பொட்டலம் விற்ற காலம் உண்டு. அப்படி ஒரு கசப்பு! அளவுக்கு மீறிக் கொயினாவைத் தின்று கருவைக் கலைக்க முயன்றவர்களும் இருந்தார்கள். அதிலிருந்து, "கொயினா கருவைக் கலைக்கும்" என்ற பேச்சு ஊர் முழுவதும் நிலைத்துவிட்டது.

டாக்டர் கொடுக்கும் அளவில் அப்படி நடக்கிறதா? தாய்லாந்து நாட்டில் நிறைமாதத்தை நெருங்கிய, மலேரியா முற்றிய கர்ப்பிணிகளுக்குக் கொயினா கொடுத்து டாக்டர்கள் பக்கத்திலேயே இருந்து கவனித்தார்கள். 1985-ல் முடிவு வெளிவந்தது. காய்ச்சல் உச்சத்தில் இருந்தபோது கர்ப்பப்பை சுருங்கிச் சுருங்கி வலி கண்டது. கொயினா கொடுத்துக் காய்ச்சல் இறங்கியதும் அந்தச் சுருக்கம் குறைந்தது!

ஆக, பிள்ளையை வெளியே தள்ளப் பார்த்தது காய்ச்சல். தடுத்தது மருந்து. ஆச்சி குற்றவாளியை மாற்றிப் பிடித்துவிட்டாள்.

இன்று கொயினாவைவிட நல்ல மருந்துகள் வந்துவிட்டன. வைவாக்ஸ் என்றால் குளோரோகுயின் மாத்திரை. எந்த மாதக் கர்ப்பிணிக்கும் கொடுக்கலாம். பால்சிபாரம் என்றால் ஆர்ட்டிமிசினின் வகைக் கூட்டு மருந்து. முதல் மூன்று மாதத்தில் அதைக் கொடுக்க முன்பு டாக்டர்கள் தயங்கினார்கள். அந்த வகையில் ஆர்ட்டிமீதர்–லூமிபான்ட்ரின் என்ற கூட்டு மருந்தை முதல் மூன்று மாதத்திலும் கொடுக்கலாம் என்று 2022-ல் உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது.

ஆனால் ஆச்சி சொன்னதில் பாதி சரி! கர்ப்பிணி சாப்பிடக்கூடாத மலேரியா மாத்திரை ஒன்று இருக்கவே செய்கிறது. அதன் பெயர் பிரிமாகுயின். கல்லீரலில் தூங்கும் வைவாக்ஸ் கிருமியைக் கொல்லும் மருந்து அது. சிலருக்குப் பிறவியிலேயே ரத்தத்தில் ஒரு குறை இருக்கும். அவர்களுடைய சிவப்பு அணுக்களைப் பிரிமாகுயின் உடைத்துவிடும். வயிற்றில் உள்ள பிள்ளைக்கு அந்தக் குறை இருக்கிறதா, இல்லையா? பிறக்கும் முன் எப்படித் தெரியும்? ஆகவே கர்ப்பிணிக்கு அது கூடாது.

வீட்டுக்காரருக்குப் போன மாதம் காய்ச்சல் வந்தபோது வாங்கிய மாத்திரை மிச்சம் இருக்கிறது என்று எடுத்துக் கொடுப்பது இதனால்தான் ஆபத்து.

மறந்துபோன நோய்

1947-ல் இந்தியாவில் ஆண்டுக்கு ஏழரைக் கோடிப் பேருக்கு மலேரியா வந்தது. 8 லட்சம் பேர் மாண்டார்கள். 1953-ல் தேசிய மலேரியாத் தடுப்புத் திட்டம் தொடங்கியது. 1958-ல் அதையே ஒழிப்புத் திட்டமாக மாற்றினார்கள். வீடு வீடாக டி.டி.டி. மருந்து அடித்தார்கள். 1965-ல் நோயாளிகள் சுமார் ஒரு லட்சமாகக் குறைந்தார்கள். வெற்றி என்று நாடே எண்ணியது. கவனம் தளர்ந்தது. கொசுவுக்கும் மருந்து பழகிவிட்டது. 1976-ல் கணக்கு 64 லட்சத்துக்கு ஏறிவிட்டது!

மறுபடியும் போராடிக் குறைத்திருக்கிறார்கள். 2030-க்குள் மலேரியாவே இல்லாத இந்தியா என்பது அரசாங்கத்தின் குறி.

இப்போது திருநெல்வேலியில் காய்ச்சல் என்றதும் டெங்குவா, டைபாய்டா என்றுதான் எல்லாருக்கும் தோன்றும். மலேரியா நினைவுக்கு வருவது கடைசியில்தான். ஒரிசா, சத்தீஸ்கர், ஜார்க்கண்ட் பகுதிகளில் மலேரியா இன்னும் இருக்கிறது. அங்கிருந்து கட்டட வேலைக்கும் செங்கல் சூளைக்கும் குடும்பத்தோடு வருகிறார்கள். அவர்களிலும் கர்ப்பிணிகள் உண்டு. மும்பையிலிருந்தும் சென்னையிலிருந்தும் பிரசவத்துக்கு வரும் நம் வீட்டுப் பெண்களும் உண்டு. கொசு இங்கே ஏற்கனவே காத்திருக்கிறது. கிருமி மட்டும் ரயிலில் வந்தால் போதும்.

அம்மா பேச்சைக் கேட்டு ஆஸ்பத்திரிக்கு

நம் அம்பாசமுத்திரத்துப் பெண் என்ன ஆனாள்?

அம்மா விடவில்லை என்று வைத்துக்கொள்வோம். "அத்தை, நீங்களும் கூட வாங்க" என்று ஆச்சியையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனாள்.

அங்கே முதல் கேள்வி: "எந்த ஊர்ல இருந்துமா வந்திருக்கீங்க?"

"மும்பை" என்றதும் டாக்டர் மலேரியாச் சோதனைக்கு எழுதிவிட்டார். விரல் நுனியில் ஒரு ஊசிக்குத்து. ஒரு சொட்டு ரத்தம் சீட்டில். இன்னொரு சொட்டு கண்ணாடித் தகட்டில். சீட்டுச் சோதனைக்கு இருபது நிமிஷம் போதும். காசு கிடையாது.

வைவாக்ஸ் என்று தெரிந்தது. மூன்று நாளைக்குக் குளோரோகுயின். முதல் வேளை மாத்திரையை வெறும் வயிற்றில் போடாமல் சாப்பிட்டுவிட்டுப் போடச் சொன்னார்கள். பால்சிபாரமாக இருந்து, மயக்கமோ மூச்சுத் திணறலோ கண்டிருந்தால் 108 வண்டியில் பாளையங்கோட்டை ஐகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்பார்கள்.

ரத்தத்தின் அளவைச் சோதித்தார்கள். குறைவு. இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தார்கள். பிள்ளையின் வளர்ச்சியைப் பார்க்க ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள்.

தூங்கும் கிருமி மறுபடி விழித்துக்கொள்ளாமல் இருக்க என்ன செய்வது? பிரிமாகுயின் கொடுக்க முடியாதே! அதற்கும் வழி இருக்கிறது. பிள்ளை பிறக்கும்வரை வாரம் ஒருமுறை குளோரோகுயின் கொடுத்துக் கிருமியை அடக்கி வைக்கலாம். டாக்டர் அதற்கு ஏற்பாடு செய்தார். தூங்கும் கிருமியைக் கொல்லும் மருந்து பிரசவத்துக்குப் பிறகுதான். அதுவும் தாய்க்கும் பால் குடிக்கும் பிள்ளைக்கும் அந்த ரத்தக் குறை இல்லை என்று சோதித்துத் தெரிந்துகொண்டு.

கிராம சுகாதார நர்ஸ் வீட்டுக்கு வந்து மொட்டைமாடித் தொட்டியைப் பார்த்தார். மூடி உடைந்து கிடந்தது. மகள் ஊரிலிருந்து வருகிறாள் என்று வீட்டுக்கு வெள்ளை அடித்தவர்கள் தொட்டி மூடியைக் கவனிக்கவில்லை! அந்த வீட்டுக் கொசு இந்தப் பெண்ணைக் கடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனால் கிருமியும் கூடவே போகும். தொட்டிக்குப் புது மூடி வந்தது. பெண்ணின் கட்டிலுக்குக் கொசுவலை வந்தது.

ஆச்சி மட்டும் இன்னும் ஒன்றைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அந்தக் கசப்பு மாத்திரையை ஞாபகமாப் போட்டியா தாயி? இன்னைக்கு ஞாயித்துக்கிழமைல்லா!"